பச்சை விளக்கு பொய் சொல்லுமா?

திருப்பூர் 15 வேலம்பாளையத்தில் வசிக்கிறீர்கள் என்று வைத்துக் கொள்வோம். பனியன் கம்பெனியில் காலை ஷிப்டுக்கு நேரமாகிறது. இரவு முழுவதும் சார்ஜ் ஏற்றிய மின்சார ஸ்கூட்டரின் சாவியைத் திருப்புகிறீர்கள். எந்த விளக்கும் எரியவில்லை. ‘சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்ததே! பிறகு ஏன் வண்டி கிளம்பவில்லை?’ என்று திகைக்கிறீர்கள் அல்லவா?

அந்தப் பச்சை விளக்கு பாட்டரிக்குள் எட்டிப் பார்த்துச் சொல்வதில்லை. சார்ஜரிலிருந்து பாயும் மின்னோட்டம் மிகவும் குறைந்துவிட்டது என்பதையே அது அறிவிக்கிறது. பாட்டரி நிறைந்தாலும் மின்னோட்டம் குறையும்; இடையில் கம்பி அறுந்திருந்தாலும் குறையும். சார்ஜரை வண்டியில் மாட்டாமல் சுவர் பிளக்கில் மட்டும் செருகிப் பாருங்கள். பெரும்பாலான சார்ஜர்களில் அப்போதும் பச்சைதான் எரியும்! ஆகவே, தீர்ந்துபோன பாட்டரியை மாட்டிய உடனேயே பச்சை எரிந்தால், உள்ளே மின்சாரம் போகவில்லை என்று பொருள்.

சரி, மின்சாரம் எங்கே தடைப்படுகிறது? வரிசையாகத் தேடுவோம்.

முதலில் சார்ஜரைக் கழற்றுங்கள். அது மாட்டியிருக்கும்போது பல வண்டிகள் கிளம்பா. அடுத்து, எம்.சி.பி. சுவிட்ச் இருந்தால் அது விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒருமுறை மட்டும் மேலே தள்ளலாம். மீண்டும் விழுந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது, அத்துடன் நிறுத்துங்கள். பிறகு பாட்டரியின் இணைப்பு முனைகள் தளர்ந்தோ கருகியோ உள்ளனவா என்று கவனியுங்கள்.

மல்டிமீட்டர் கிடைத்தால், டி.சி. 200 வோல்ட் அளவில் வைத்து, பாட்டரியிலிருந்து வண்டிக்குச் செல்லும் முனைகளை அளக்கலாம். மீட்டரின் இரு ஊசிகளும் ஒன்றையொன்று தொடக்கூடாது. பல 48 வோல்ட் லித்தியம் பாட்டரிகளில் 13 கலங்கள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். நிறைந்த கலம் ஒன்றுக்கு 4.2 வோல்ட், ஆக மொத்தம் 54.6 வோல்ட். ஏறத்தாழ இந்த அளவு காட்டினால் பழுது பெரும்பாலும் பாட்டரிக்கு வெளியே, சாவி சுவிட்சிலோ வயரிலோ கட்டுப்பாட்டுக் கருவியிலோ இருக்கும். (சாவியைத் திருப்பியதும் வோல்ட் சரிந்தால் கலங்கள் நலிந்துவிட்டன.) வேறு வகைப் பாட்டரிகளில் இந்த எண் மாறும்.

மீட்டர் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டுகிறதா? ஃபியூஸ் போயிருக்கலாம், அல்லது உள்ளேயிருக்கும் காவலாளி கதவை மூடியிருக்கலாம். பி.எம்.எஸ். என்னும் மின்சுற்றுப் பலகைதான் அந்தக் காவலாளி. 13 கலங்களில் ஒன்றின் வோல்ட் அளவுக்கு மீறி இறங்கினாலும் அது மொத்த மின்சாரத்தையும் நிறுத்திவிடும். மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திய வண்டியில் இப்படி நேர்வதுண்டு.

“காவலாளியைச் சுற்றி நேராக வயர் கொடுத்துவிடலாமே!” என்று சிலர் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். மிகவும் வடிந்துபோன லித்தியம் கலத்தில், மின்முனையைத் தாங்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு உள்ளேயே படிந்து ஷார்ட் ஆகலாம், கலம் தீப்பற்றலாம்.

2022 மார்ச்சில் வேலூரில், இரவில் வீட்டில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்தது. புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் மாண்டனர். பஞ்சுத் துகளும் கட்டிங் வேஸ்ட்டும் குவிந்திருக்கும் இடத்தில் இப்படி ஒரு தீப்பொறி போதாதா?

எனவே, வெளிப்பழுதை நீங்களே தேடுங்கள். பாட்டரிப் பெட்டியைத் திறக்கும் வேலையைப் பயிற்சி பெற்றவரிடம் விடுங்கள். துணிக்குவியலுக்கு அருகிலும், வெளியேறும் ஒரே வாசலிலும், எல்லோரும் உறங்கும் வேளையிலும் சார்ஜ் போடாதீர்கள். ஒருநாள் ஷிப்டுக்குத் தாமதமானாலும் பாதகமில்லை.