பாவித்த மடிக்கணினி வாங்கும்போது

எங்கள் மாதர் சங்கச் சகோதரி ஒருவர் தையல் காசைச் சேர்த்து, தட்டச்சு வேலைக்கெனப் பாவித்த மடிக்கணினி ஒன்று வாங்கினார். இரண்டே வாரத்தில் பழைய கடிதங்களை வாசிக்க முடிந்தது. புதிதாக எழுத முடியவில்லை.

"மிஸ், உரிமம் முடிஞ்சுதாம். கடைக்காரர் இன்னும் 3,000 ரூபா கேக்கிறார்" என்று கண் கலங்கினார்.

திறந்து பார்த்தேன். விண்டோஸ் உரிமம் இயந்திரத்தோடு வந்தது. அது சரியாகவே இருந்தது. ஒபிஸ் மட்டும் முன்பு வைத்திருந்தவரின் சந்தாக் கணக்கில் இருந்தது. சந்தா நின்றதும் அதுவும் நின்றுவிட்டது. கடைக்காரர் போடவிருந்ததோ களவுப் பிரதி. அது 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டத்துக்கு முரணானது. வைரஸும் சேர்ந்து வரலாம்.

இலவசமான லிப்ரே ஒபிஸை இறக்கிக் கொடுத்தேன். அன்றே ஒரு விண்ணப்பம் தட்டச்சு செய்தார்.

சகோதரிகளே, காசு கொடுக்குமுன் 'செட்டிங்ஸ்' பகுதியில் 'அக்டிவேஷன்' பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பழையவரின் கணக்கையும் நீக்குவியுங்கள். கேட்பதில் வெட்கமில்லை, அது உங்கள் உழைப்புக் காசு.