பெட்னி போடும் நேரம்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் பட்டுப் பாவு ஈரம் வாங்கிவிடும். தறியில் கை ஓடாது. அப்படி ஒரு நாளில்தான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் பெட்னி வேலை நடந்தது. அரக்கு உடல், பச்சை முந்தி. உடல் நெய்து முடிந்ததும் அரக்குப் பாவை அறுத்து, அதன் ஒவ்வொரு இழை நுனியோடும் பச்சைப் பாவின் ஓர் இழையைச் சேர்த்து முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். என் மனைவி விரலில் சாம்பலைத் தொட்டுத் தொட்டு முறுக்கிக்கொண்டிருந்தாள்.

ஒரகடத்தில் நைட் ஷிப்ட் முடித்து வந்த மகன் தூங்காமல் சுவரில் சாய்ந்து செல்போனில் ஒரு அமெரிக்கத் தொடர் பார்த்துக்கொண்டிருந்தான். திடீரென்று கேட்டான்.

“ஏம்பா, எல்லா மந்திரியும் சபையில இருக்காங்க. இந்த ஒருத்தரை மட்டும் எதுக்குத் தனியா ஒரு ரூம்ல உட்கார வச்சிருக்காங்க?”

தொடரின் பெயர் ‘டெசிக்னேட்டட் சர்வைவர்’. 2016-இல் வந்தது. அமெரிக்காவில் அதிபர் நாடாளுமன்றத்தில் ஆண்டு உரை ஆற்றும் நாளில் துணை அதிபர், மந்திரிகள், நீதிபதிகள் என்று எல்லாரும் ஒரே கூரையின் கீழ் கூடுவார்கள். அந்தக் கூரை இடிந்தால் நாட்டை ஆள ஒருவராவது மிஞ்ச வேண்டுமே என்று ஒரு மந்திரியை மட்டும் வேறிடத்தில் பாதுகாப்பாக வைப்பது அவர்கள் வழக்கம். அணுகுண்டு பயத்தில் பிறந்த ஏற்பாடு. தொடரில் கூரை இடிந்தே விடுகிறது. அன்று காலைதான் பதவியை விட்டுப் போகச் சொல்லப்பட்ட வீட்டுவசதித் துறை மந்திரி, ராத்திரி அதிபர் ஆகிறார்.

“இதுல கற்பனைன்னு பார்த்தா குண்டு மட்டும்தாண்டா. சட்டம் நிஜம்” என்றேன்.

இந்த வகை அரசியல் கதைகளின் ரகசியமே அதுதான். அவை ரொம்ப தூரத்து எதிர்காலத்துக்குப் போவதில்லை. பெரும்பாலும் பத்து வருஷம் தள்ளி நிற்கும், அவ்வளவுதான். இருக்கிற சட்டத்தில் எந்த இழை இளகியிருக்கிறது என்று தடவிப் பார்த்து அதை இழுத்துவிடுவார்கள். 1962-இல் வெளிவந்த ‘செவன் டேஸ் இன் மே’ என்ற நாவலில், ரஷ்யாவோடு அணு ஆயுத ஒப்பந்தம் போட்ட அதிபரைக் கவிழ்க்க ராணுவத் தளபதி ஒருவர் சதி செய்கிறார். அதைச் சினிமாவாக எடுப்பதை அப்போது அதிபராக இருந்த கென்னடியே விரும்பினார். 1964-இல் படம் திரைக்கு வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

‘டெசிக்னேட்டட் சர்வைவர்’ கதையையே 2019-இல் கொரியாக்காரர்கள் தங்கள் நாட்டுக்கு மாற்றி எடுத்தார்கள். மாற்ற வேண்டியது ஆடையும் மொழியும் மட்டுமாக இல்லை. அங்கே அதிபர் இறந்தால் அறுபது நாளுக்குள் தேர்தல் நடத்தியாக வேண்டும். அதனால் அவர்கள் நாயகனுக்கு அறுபதே நாள் பதவி. தலைப்பிலேயே அறுபது நாள் வந்துவிட்டது. அரசியல் சட்டம் மாறினால் கதையும் மாறிவிடுகிறது. சீப்பு மாறினால் நெசவு மாறுகிற மாதிரி.

தமிழில் இந்த வகைக் கதையை முதலில் எனக்குக் காட்டியவர் எழுத்தாளர் சுஜாதா. எண்பதுகளில் ஆனந்த விகடனில் ‘என் இனிய இயந்திரா’ தொடராக வந்தபோது எங்கள் தெருவில் ஒரே பிரதி நாலு தறி மாறும். கதை நடக்கும் காலம் 2021, 2022. ஜீவா என்ற சர்வாதிகாரி இந்தியாவை ஆள்கிறார். பிள்ளை பெற்றுக்கொள்ள அரசாங்க அனுமதி வேண்டும். நிலா என்ற பெண்ணும் ஜீனோ என்ற இயந்திர நாயும் அந்த ஆட்சியின் உள்ளே போய்ப் பார்த்தால், ஜீவா என்று ஆளே இல்லை, வெறும் ஒளிப்பிம்பம். படிக்காதவர்கள் மன்னிக்கவும். அன்று தறிக்குழிக்குள் காலை விட்டுக்கொண்டு படித்தபோது நாய் பேசுவதுதான் வேடிக்கையாக இருந்தது. முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஆள முடியும் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று உறைக்க முப்பது வருஷம் ஆயிற்று.

இளகிய இழையைத் தேடிப் பார்த்தவர்கள் கதாசிரியர்கள் மட்டும் இல்லை. எங்கள் ஊரிலிருந்து தெற்கே முப்பது கிலோமீட்டருக்குள் உத்திரமேரூர். அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையைப் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்திருப்போம். ஆனால் அந்தச் சுவர் முன்னால் நின்று, உடன் வந்த வாத்தியார் வரிவரியாகச் சொல்லக் கேட்டபோது எனக்குத் தோன்றியது வேறு. முப்பது குடும்பு, அதாவது வார்டு. ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதிய ஓலைகளைக் கட்டாகக் கட்டிக் குடத்தில் இட வேண்டும். ஊரார் எல்லாரும் பார்க்கும்படி ஒரு பெரியவர் குடத்தைத் தூக்கிக் காட்ட வேண்டும். ஒன்றும் அறியாத சிறுவனை விட்டு எடுக்கச் சொல்ல வேண்டும். அவன் தரும் ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும்.

ஏன் விரலை விரிக்க வேண்டும்? மடக்கினால் இன்னோர் ஓலையை உள்ளே ஒளித்து வைத்திருக்கலாம். யாரோ ஒருத்தன் அதற்கு முன்னால் அப்படிச் செய்திருப்பான், அல்லது செய்வான் என்று பயந்திருப்பார்கள். பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவன் நிற்கக் கூடாது. அவனுடைய மைத்துனன், மருமகன், மாமன் கூட நிற்கக் கூடாது. ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒரு மர்மக்கதை இருக்கிறது. ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அது நிலம் வைத்திருந்த பிராமணர்களின் சபை. என்னைப் போன்ற நெசவாளியின் பெயர் ஏறிய ஓலை அந்தக் குடத்துக்குள் போயிருக்காது.

அமெரிக்காவிலும் குடம் இருக்கிறது, மரப்பெட்டி வடிவில். நவம்பரில் மக்கள் ஓட்டுப் போட்டாலும் கணக்குக்கு வருவது 538 தேர்வாளர்களின் ஓட்டுதான். 270 கிடைத்தவர் அதிபர். அந்தச் சான்றிதழ்களை மரப்பெட்டிகளில் கொண்டுவந்து ஜனவரி 6-ஆம் தேதி நாடாளுமன்றத்தில் திறந்து எண்ணுவார்கள். ஜனவரி 20 பதவியேற்பு. தேர்தலுக்கும் பதவியேற்புக்கும் இடையில் கிட்டத்தட்ட பதினோரு வாரம் பெட்னி. பழைய பாவு அறுந்துவிட்டது, புதியது இன்னும் ஏறவில்லை. கதாசிரியர்கள் விழுந்து விழுந்து எழுதுவது இந்த இடைவெளியைத்தான். 2021 ஜனவரி 6 அன்று கூட்டம் கட்டடத்துக்குள் புகுந்தபோது, ஊழியர்கள் மறக்காமல் அந்தப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார்கள். மறுநாள் விடிவதற்குள் எண்ணி முடித்தார்கள். எந்தக் கதாசிரியரும் அந்தப் பெட்டி தூக்கியவர்களை நாயகன் ஆக்கியிருக்க மாட்டார்.

நமக்கும் இந்த இடைவெளி புதிதில்லை. எங்கள் ஊர்க்காரர் அண்ணா 1969 பிப்ரவரி 3-ஆம் தேதி மறைந்தார். அன்றே நெடுஞ்செழியன் தற்காலிக முதல்வர். ஒரு வாரம் கழித்து 10-ஆம் தேதி கருணாநிதி முதல்வரானார். துக்கம் பெரிது, ஆனால் ஆட்சி கைமாறிய முடிச்சு கையில் தட்டுப்படவில்லை. 2017 பிப்ரவரியில், முதல்வர் யார் என்ற இழுபறியில், அப்படி இல்லை. ஆளுங்கட்சி எம்.எல்.ஏ.க்கள் கூவத்தூரில் கடலோரச் சொகுசு விடுதியில் தங்க, வாசலில் டிவிக்காரர்கள் காத்துக் கிடந்தார்கள். கூவத்தூர் அப்போது எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. 16-ஆம் தேதி எடப்பாடி பழனிசாமி முதல்வராகப் பதவியேற்றார். 18-ஆம் தேதி 122 ஓட்டில் நம்பிக்கை வாக்கெடுப்பில் வென்றார். அந்தப் பத்து நாளும் எங்கள் தெருவில் யாரும் சீரியல் பார்க்கவில்லை. செய்தியே போதுமானதாக இருந்தது.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது மகன் தொடரை நிறுத்தி வைத்திருந்தான். பெட்னியும் முடிந்திருந்தது. இனிதான் கஷ்டம். முறுக்கிய நுனிகள் ஒவ்வொன்றும் தறியின் விழுதுக் கண்ணியைத் தாண்டி, பண்ணை என்ற சீப்பைத் தாண்டி வெளியே வர வேண்டும். வேகமாக இழுத்தால் அறும். நான் மெல்ல இழுக்க, மனைவி குனிந்து பார்த்துக்கொண்டே வந்தாள்.

“நில்லுங்க. மூணு இழை விட்டிருக்கு” என்றாள்.

மழை இருட்டில் எந்த நுனி எதனுடையது என்று தெரியவில்லை. மகன் எழுந்து வந்து செல்போனைத் திருப்பி டார்ச் அடித்தான். அவள் மறுபடி சாம்பலைத் தொட்டாள்.