கார்களின் பின்புற இண்டிகேட்டர்: சிறிய விளக்கு பாதுகாப்பானதா?

ஒரு வாகனம் எந்தப் பக்கம் திரும்பப் போகிறது, எந்தத் தடத்துக்கு மாறப் போகிறது என்பதை விட்டுவிட்டு எரிந்து பிறருக்கு அறிவிக்கும் விளக்கு திசைகாட்டி விளக்கு எனப்படும். பேச்சு வழக்கில் இதை இண்டிகேட்டர் என்கிறோம். அண்மைக் காலக் கார்கள் பலவற்றில் பின்புற இண்டிகேட்டர் மிகவும் சிறுத்துவிட்டது. முன்பு உள்ளங்கை அளவு இருந்த விளக்கு இன்று விரல் அகலக் கோடாகப் பின்விளக்கின் ஓரத்திலோ, கீழே பம்பரிலோ இருக்கிறது. பின்னால் வருபவர், குறிப்பாக இருசக்கர வாகனத்தில் வருபவர், அந்தச் சிறிய ஒளியைக் கவனிக்கத் தவறினால் விபத்து நேரலாம். இவ்வளவு சிறிய விளக்கு போதுமா என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

விளக்குகள் ஏன் சிறிதாயின?

தொடக்கக் காலத்தில் ஓட்டுநர்கள் கையை வெளியே நீட்டியே சைகை காட்டினர். பின்னர் ஐரோப்பியக் கார்களில் பக்கவாட்டிலிருந்து வெளியே நீளும் சிறு கைகாட்டிகள் வந்தன. 1939ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பியூக் கார்களில் விட்டுவிட்டு எரியும் மின்விளக்கு தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டது. அதன் பிறகு பல பத்தாண்டுகள் இண்டிகேட்டருக்குள் இழை பல்பே இருந்தது. பல்புக்கும், அதன் வெப்பத்துக்கும், ஒளியைத் திருப்பும் குழிக் கண்ணாடிக்கும் இடம் தேவைப்பட்டதால் விளக்கும் பெரிதாகவே இருந்தது.

எல்.இ.டி. வந்ததும் இந்தத் தேவை நீங்கியது. அரிசி மணி அளவுள்ள சில்லு பழைய பல்பு தந்த ஒளியைத் தந்துவிடுகிறது. வடிவமைப்பாளர்கள் காரின் அகலம் முழுவதும் ஓடும் சிவப்பு ஒளிப்பட்டைக்கு முதன்மை இடம் கொடுத்து, இண்டிகேட்டரை மிஞ்சிய இடத்தில் பொருத்தத் தொடங்கினர்.

அளவும் ஒளிச்செறிவும்

சிறிய விளக்கு என்றால் மங்கலான விளக்கு என்று பொருளல்ல. ஒரு விளக்கு குறிப்பிட்ட திசையில் எவ்வளவு வலிமையாக ஒளியை அனுப்புகிறது என்பதே ஒளிச்செறிவு. இதன் அலகு கேண்டிலா. தொலைவிலிருந்து பார்க்கும்போது விளக்கு ஒரு புள்ளியாகவே தெரிவதால், அங்கே பரப்பளவைவிட ஒளிச்செறிவே முக்கியம். 50 சதுர செ.மீ. பரப்புள்ள விளக்கும் 10 சதுர செ.மீ. பரப்புள்ள விளக்கும் ஒரே கேண்டிலா அளவில் எரிந்தால், தொலைவில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். அருகில் வரும்போதுதான் வேறுபாடு புரியும். சிறிய விளக்கின் ஒவ்வொரு சதுர செ.மீ. பரப்பும் ஐந்து மடங்கு பளிச்சென்று இருப்பதால் அது கண்ணைக் கூசச் செய்யும்.

எல்.இ.டி.க்கு இன்னொரு நன்மையும் உண்டு. இழை பல்பு சூடேறி முழு ஒளி பெற ஏறத்தாழ 0.2 நொடி ஆகும். எல்.இ.டி. உடனே எரிந்துவிடும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் செல்லும் வாகனம் 0.2 நொடியில் ஐந்தரை மீட்டர் கடந்துவிடும் என்பதால் இந்த வேறுபாடு சிறியதல்ல. ஆகவே அளவு குறைந்ததை மட்டும் குற்றமாகச் சொல்ல முடியாது.

சட்டங்கள் என்ன சொல்கின்றன?

ஐரோப்பாவிலும் வேறு பல நாடுகளிலும் ஐக்கிய நாடுகள் அமைப்பின் வாகன விதிமுறைகள் பின்பற்றப்படுகின்றன. அவற்றின்படி:

- பின்புற இண்டிகேட்டர் செம்மஞ்சள் நிறத்தில் எரிய வேண்டும்.
- நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை விட்டுவிட்டு எரிய வேண்டும்.
- மாறா ஒளி தரும் வகையில் ஒளிச்செறிவு 50 முதல் 500 கேண்டிலா வரை இருக்கலாம்.
- பொதுவாகத் தரையிலிருந்து 350 மி.மீ.க்குக் கீழே பொருத்தக் கூடாது.

விளக்கின் பரப்பளவு இவ்வளவாவது இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இவற்றில் இல்லை.

அமெரிக்கச் சட்டம் வேறு வழியில் செல்கிறது. பயணிகள் கார்களின் பின்புற இண்டிகேட்டருக்கு ஒளிரும் பரப்பு குறைந்தது 50 சதுர செ.மீ. இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் நிறம் செம்மஞ்சளாகவும் இருக்கலாம், சிவப்பாகவும் இருக்கலாம். ஆக, ஒரு சட்டம் நிறத்தை உறுதிசெய்து அளவை விட்டுவிட்டது. மற்றொன்று அளவை உறுதிசெய்து நிறத்தை விட்டுவிட்டது.

இதில் ஒரு முரண் உண்டு. ஐரோப்பாவுக்கென வடிவமைத்த சிறிய செம்மஞ்சள் விளக்கு அமெரிக்காவின் பரப்பளவு விதிக்குப் போதாமல் போகலாம். அப்போது பிரேக் விளக்கையே இண்டிகேட்டராகவும் சிவப்பில் எரியவிடுவது எளிய வழியாகிறது. நல்ல நோக்கத்துடன் வந்த அளவு விதி, பயனுள்ள நிறத்தை விலக்கவும் காரணமாகிவிடுகிறது.

இந்தியாவில் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் இண்டிகேட்டருக்குச் செம்மஞ்சள் நிறத்தைக் குறிக்கின்றன. வாகன விளக்குகளுக்கான இந்தியத் தர அளவைகளும் பெருமளவு ஐ.நா. விதிமுறைகளை ஒட்டியே அமைந்தவை.

நிறத்தின் பங்கு

சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் அது பிரேக்கா, இண்டிகேட்டரா என்று பின்னால் வருபவர் ஒரு கணம் தயங்குவார். செம்மஞ்சள் நிறத்தில் அந்தத் தயக்கம் இல்லை. அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வும் இதை உறுதிப்படுத்தியது. திரும்புதல், தடம் மாறுதல் போன்ற நேரங்களில் பின்னாலிருந்து மோதப்படும் வாய்ப்பு, செம்மஞ்சள் இண்டிகேட்டர் உள்ள வாகனங்களில் 5.3 விழுக்காடு குறைவு என்று அது கண்டது.

உண்மையான சிக்கல்: பக்கத்து விளக்கு

ஆய்வகத்தில் இண்டிகேட்டர் தனியாகச் சோதிக்கப்படுகிறது. சாலையிலோ அது பிரேக் விளக்குக்கு அருகில் எரிகிறது. ஓட்டுநர்கள் பெரும்பாலும் பிரேக்கை மிதித்துக்கொண்டேதான் திரும்புகிறார்கள். ஐ.நா. விதிமுறைப்படி மாறா ஒளி தரும் பிரேக் விளக்கு 260 கேண்டிலா வரை எரியலாம். அதன் அருகே 50 கேண்டிலா இண்டிகேட்டர் இருந்தாலும் அது சட்டத்துக்கு உட்பட்டதே. ஐந்து மடங்கு வலிமையான சிவப்பு ஒளிக்குப் பக்கத்தில் மெல்லிய செம்மஞ்சள் கோடு எடுபடுவது கடினம்.

இதற்குக் கண்ணின் இயல்பும் ஒரு காரணம். நல்ல பார்வையுள்ள கண், பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோண இடைவெளியைப் பிரித்தறியும். 100 மீட்டர் தொலைவில் இது ஏறக்குறைய 3 செ.மீ. ஆகும். அதைவிட நெருக்கமாக உள்ள இரண்டு விளக்குகள் அங்கிருந்து ஒரே ஒளியாகக் கலந்து தெரியும். மழையிலும் கறை படிந்த கண்ணாடி வழியாகவும் ஒளி பரவுவதால், இன்னும் குறைந்த தொலைவிலேயே அவை கலந்துவிடும்.

காரின் முன்புறத்துக்கு ஐ.நா. விதிமுறை இதை ஏற்கெனவே உணர்ந்திருக்கிறது. முகப்பு விளக்கிலிருந்து 40 மி.மீ.க்கு மேல் விலகியிருக்கும் இண்டிகேட்டருக்கு 175 கேண்டிலா போதும். இடைவெளி 20 முதல் 40 மி.மீ. என்றால் 250 கேண்டிலா, 20 மி.மீ.க்கும் குறைவு என்றால் 400 கேண்டிலா தேவை. நெருங்க நெருங்க வலிமை கூட வேண்டும் என்ற இந்த எளிய கொள்கை பின்புறத்துக்கு விதிக்கப்படவில்லை.

பம்பரில் உள்ள விளக்குகள்

டிக்கிக் கதவு திறந்திருக்கும்போதும் பின்னால் வருபவருக்கு விளக்கு தெரிய வேண்டும். கதவோடு மேலே போய்விடும் இடத்தில் இண்டிகேட்டரை மட்டும் நம்பி வைக்க முடியாது. பெரிய கதவுள்ள எஸ்.யூ.வி. வகைகளில் விளக்கு பம்பருக்கு இறங்க இதுவும் ஒரு காரணம். ஹூண்டாய் கோனா, நான்காம் தலைமுறை கியா ஸ்போர்டேஜ் போன்றவை இவ்வாறு தாழ்வான இண்டிகேட்டர் கொண்ட கார்கள்.

தாழ்வான விளக்கு சேற்றில் எளிதில் மறைகிறது. நெரிசலில் நடுவே ஒரு ஸ்கூட்டர் வந்தாலே தெரியாமல் போகிறது. ஒரு கணக்கைப் பார்ப்போம். பின்னால் உள்ள ஓட்டுநரின் கண் 1.4 மீட்டர் உயரத்திலும், அவருக்கு 2 மீட்டர் முன்னே உள்ள பானட்டின் முனை 1 மீட்டர் உயரத்திலும் இருப்பதாகக் கொள்வோம். அவர் பார்வைக் கோடு 0.4 மீட்டர் உயரத்துக்கு இறங்க, கண்ணிலிருந்து 5 மீட்டர் தேவை. அதாவது முன்னுள்ள கார் 3 மீட்டருக்குள் நின்றால், அதன் பம்பரில் 0.4 மீட்டர் உயரத்தில் உள்ள இண்டிகேட்டர் அவருக்குத் தெரியாது. அதே காரின் பிரேக் விளக்கு மேலே நன்றாகத் தெரியும். சிக்னலில் இந்த இடைவெளியில் நிற்பது அன்றாடக் காட்சி.

ஓட்டுநர்கள் செய்யக்கூடியவை

- ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி, இண்டிகேட்டரையும் போட்டு, நண்பகல் வெயிலில் காரின் பின்னால் நின்று பாருங்கள். உங்கள் விளக்கின் உண்மையான நிலை தெரியும்.
- விளக்கு சிறிதாக இருந்தால் பிரேக் மிதிப்பதற்கு முன்பே இண்டிகேட்டரைப் போடுங்கள். சிவப்பு எரியாதபோது செம்மஞ்சள் தெளிவாகத் தெரியும்.
- பின்விளக்கின் மீது கறுப்பு நிறத் தாள் ஒட்டாதீர்கள். பம்பர் விளக்கை அடிக்கடி துடையுங்கள்.
- இழை பல்பு உள்ள வண்டியில் டிக் டிக் ஒலி வழக்கத்தைவிட வேகமாகக் கேட்டால், ஒரு பல்பு பழுதாகியிருக்கலாம்.
- இருசக்கர வாகன ஓட்டிகள் முன்னுள்ள காரின் இண்டிகேட்டரை மட்டும் நம்பாமல், அது வேகம் குறைப்பதையும் ஒரு பக்கம் ஒதுங்குவதையும் கவனிப்பது நல்லது.

முடிவுரை

சிறிய இண்டிகேட்டர் தன்னளவில் ஆபத்தானதல்ல. போதிய ஒளிச்செறிவும், செம்மஞ்சள் நிறமும், பிரேக் விளக்கிலிருந்து இடைவெளியும், கண்ணுக்கு எட்டும் உயரமும் இருந்தால் அது தன் வேலையைச் செய்துவிடும். இவற்றில் ஒன்றிரண்டு குறையும்போது அளவின் சிறுமையும் சேர்ந்து ஆபத்தாகிறது. சட்டத்தின் எல்லைக்குள் இருக்கும் விளக்கு சாலையில் தெளிவாகத் தெரியும் என்பதற்கு உறுதியில்லை. முன்புற இண்டிகேட்டருக்கு உள்ள இடைவெளி விதியைப் பின்புறத்துக்கும் கொண்டுவந்தால், காரின் அழகு குறையாமலே இந்தக் குறையைப் பெருமளவு சரிசெய்யலாம்.