நிற்கப் போகும் வயதில் ஒரு கட்டி

வட்டக்கோட்டையிலிருந்து ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக, அஞ்சுகிராமம் வந்து நாகர்கோவில் பஸ் பிடித்து, அங்கே இன்னொரு பஸ் மாற வேண்டும். ஒரு நாள் கூலி போச்சு. கர்ப்பப்பைக் கட்டிக்காக இப்படி அலைந்து பார்த்த 47 வயதுக்காரியிடம், "பிள்ளை பெத்தாச்சு, பையை எடுத்துருங்க, தொல்லை விட்டுது" என்று யாராவது சொன்னால் அது நியாயமாகத்தான் படும்.

ஆனால் அந்த வயதே அவளுக்குச் சாதகம். கர்ப்பப்பை நார்க்கட்டி வளர்வது ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரான் ஹார்மோன்களின் தயவில். நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிடாய் நின்றுவிடுகிறது. அதன்பின் கட்டியும் பெரும்பாலும் சுருங்கும். தொந்தரவு இல்லையென்றால் அதைச் சும்மா விட்டுவைத்து, அவ்வப்போது ஸ்கேன் பார்ப்பதும் முறையான வைத்தியமே.

தொந்தரவு என்றால் முதலில் ரத்தப்போக்கு. கட்டி எவ்வளவு பெரிது என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். கர்ப்பப்பையின் உள்ளறைக்குள் துருத்தி நிற்கும் 2 செ.மீ. கட்டி போடும் ஆட்டத்தை, வெளிப்புறம் ஒட்டியிருக்கும் 7 செ.மீ. கட்டி போடாமல் இருக்கலாம். ஸ்கேன் ரிப்போர்ட்டில் அளவை மட்டும் பார்த்துப் பயப்படுகிறோம். இடத்தை யாரும் கேட்பதில்லை.

"நிக்கப் போகுதுன்னா அப்படித்தான் கொட்டும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பதும் ஆபத்து. ஹீமோகுளோபின் 7-க்கு இறங்கியபின் மாடிப்படி ஏறும்போதுதான் மூச்சு வாங்குவது தெரியும். 45 வயதுக்கு மேல் போக்கு முறை தவறினால், கர்ப்பப்பையின் உட்சவ்வில் துளி எடுத்து பயாப்ஸி பார்ப்பது அவசியம். புற்றுநோய் இல்லை என்று உறுதியான பிறகே மற்ற பேச்சு.

பிறகு வழிகள் பல. போக்கு அதிகமுள்ள நாட்களில் மட்டும் டிரானெக்ஸாமிக் அமில மாத்திரை, கூடவே இரும்புச்சத்து. லெவோநார்ஜெஸ்ட்ரல் சுரக்கும் ‘மிரெனா’ வகைச் சாதனத்தை உள்ளே வைத்தால் சில ஆண்டுகளை ஓட்டிவிடலாம். நிற்கும் தறுவாயில் இருப்பவருக்கு அதுவே போதுமானதாகிவிடும். ஆனால் கட்டியால் உள்ளறை கோணிப்போயிருந்தால் சாதனம் வழுகி வெளியே வந்துவிடக்கூடும். சினைப்பையை உறங்கவைக்கும் லூப்ரோலைடு ஊசி கட்டியைச் சுருக்கும். எலும்பைத் தேய்க்கும் என்பதால் சில மாதங்களுக்கு மேல் தனியாகப் போடுவதில்லை. கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை அடைக்கும் சிகிச்சை 1995-ல் பாரிஸ் மருத்துவர்களால் வெளியுலகுக்குத் தெரியவந்தது. அதற்கு ரத்தக்குழாய்க்குள் மெல்லிய குழாய் செலுத்தும் ‘கேத் லேப்’ வசதி வேண்டும்; எல்லா ஊரிலும் கிடைக்காது.

கடைசியில் அறுவைதான் என்றாலும் தப்பில்லை. மருந்துக்கு மசியாத போக்கு, சிறுநீர்ப்பையை அழுத்தும் பெரிய கட்டி என்றால் பையை எடுப்பது நிரந்தரத் தீர்வு. அப்போதும் சினைப்பைகளை விட்டுவைக்கலாமா என்று கேட்டுவிட வேண்டும். தானாக நிற்கும் முன் அவற்றை எடுத்தால் எலும்பும் இதயமும் அடிவாங்கும்.

தேவையில்லாமல் பை எடுப்பது நாட்டளவில் நீதிமன்றம் வரை போன விஷயம். ராஜஸ்தான், பீகார், சத்தீஸ்கரில் நடந்தவை பற்றிய வழக்கில், ஒன்றிய அரசின் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் மூன்று மாதத்துக்குள் ஏற்க வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்தபின் ஒரு சொட்டுக் கசிந்தாலும், பழைய கட்டி திடீரென வளர்ந்தாலும் கணக்கு வேறு. அந்த வாரமே ஆசாரிப்பள்ளத்துக்குப் பஸ் ஏறிவிட வேண்டும், கூலி போனாலும்.