மணிக்கட்டில் விளையும் பளிங்குகள்

முதியவர் ஒருவர் இரவு நலமே உறங்கச் செல்கின்றார். விடியுமுன் மணிக்கட்டு வீங்கிச் சிவந்து, போர்வை பட்டாலும் பொறுக்கவியலாத நோவு கொள்கின்றது. வீட்டார் சுளுக்கு என்பர். அயலார் வாதம் என்பர். மருத்துவச் செய்திகளைச் சற்றுக் கேட்டறிந்தோர் யூரிக்கமிலம் என்பர். இவையல்லாத காரணம் ஒன்றும் உண்டு. கல்சியம் பைரோபொசுபேற்று என்னும் உப்பின் நுண்ணிய பளிங்குகள் மூட்டினுட் படிதலே அது.

நெடுங்காலமாக இந்நோய், கௌட் எனப்படும் யூரிக்கமில வாதத்தினின்றும் வேறுபிரித்து உணரப்படவில்லை. 1961-ம் ஆண்டில் மக்காட்டி, ஹொலண்டர் என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர், மூட்டுநீரை முனைவாக்கிய ஒளி கொண்ட நுணுக்குக்காட்டியில் நோக்கி யூரேற்றுப் பளிங்கை அடையாளங் காணும் முறையை வெளியிட்டனர். அவ்வாறு நோக்கியவிடத்து, கௌட் போலவே துன்புற்ற சிலரது மூட்டுநீரில் யூரேற்று இல்லை. வேறொரு பளிங்கு இருந்தது. 1962-ல் மக்காட்டியும் துணைவரும் அந்நோயைப் போலிக்கௌட் என்னும் பொருள்படும் பெயரால் அறிவித்தனர். யூரேற்று ஊசிபோன்றது, பளிச்சென ஒளிர்வது. மற்றையது சாய்சதுரம் போன்றது, மங்கலாகவே ஒளிர்வது.

முழங்காலே இப்பளிங்குகளுக்கு முதலிடமாயினும், மணிக்கட்டும் அவை பெரிதும் நாடுமிடமாகும். அங்கே சிறுவிரற் பக்கத்தில் முக்கோண வடிவான கசியிழையத் தட்டு ஒன்றுண்டு. எக்ஸ் கதிர்ப் படத்தில் அத்தட்டின்மேல் வெண்கோடு தோன்றுமாயின், பளிங்கு படிந்துள்ளது என ஐயுறலாம். கசியிழையக் கலங்கள் வெளியிடும் பைரோபொசுபேற்று, அங்குள்ள கல்சியத்துடன் கூடிப் பளிங்காகின்றது. அது பல்லாண்டு வாளாவிருத்தல் கூடும்; நோவே அறியாத முதியோர் பலரது படத்திலும் அவ்வெண்கோடு காணப்படும். பளிங்குகள் உதிர்ந்து மூட்டுநீரிற் கலக்கும்போதே வெண்குருதிக் கலங்கள் அவற்றை எதிர்த்தெழ, வீக்கமும் வெம்மையும் உண்டாகின்றன.

பெயரிற் கல்சியம் இருத்தலாற் பாலையும் நெத்தலியையும் குரக்கனையும் விலக்குவோர் உளர். இது பெரும் பிழை. உணவிலுள்ள கல்சியம் இந்நோய்க்குக் காரணமன்று. நோயாளர் பெரும்பாலோரின் குருதியிற் கல்சியம் இயல்பான அளவிலேயே உள்ளது. முதுமையில் என்பு நலியும் காலத்து அவ்வுணவை விலக்குதல், ஒரு நோய்க்கு அஞ்சி மற்றொன்றை அழைத்தலேயாம். ஆயினும் அறுபது வயதின் முன்னரே இந்நோய் தோன்றுமாயின், பரதைரொயிட்டுச் சுரப்பியின் மிகை, உடலில் இரும்பு மிகுதல், மகனீசியக் குறைவு ஆகியவற்றைக் குருதிச் சோதனையால் ஆராய்தல் முறை.

மூட்டில் கிருமி புகுந்தாலும் இதே தோற்றமே உண்டாகும். காய்ச்சலும் இரண்டிலும் வரும். கிருமி புகுந்த மூட்டோ சில நாளிற் சிதைந்துவிடும். ஆதலால் ஊசியால் மூட்டுநீரை எடுத்துச் சோதித்தலே முதற்கடன். எண்ணெய் பூசி உருவிவிட்டு நாட்கழித்தல் ஆபத்தாகும்.

பளிங்கைக் கரைக்கும் மருந்து இன்றுவரை இல்லை. யூரிக்கமிலத்தைக் குறைக்கும் குளிகைகளாலும் இந்நோய்க்குப் பயனில்லை. அழற்சியைத் தணித்தலே செய்யக்கூடியது. நீரை வெளியேற்றல், துணியிற் சுற்றிய பனிக்கட்டி வைத்தல், சிம்பு கட்டி மணிக்கட்டுக்குச் சில நாள் ஓய்வளித்தல், வேண்டுமாயின் மூட்டினுள் ஸ்டீரொயிட் ஊசி ஏற்றல் என்பன அதற்குரிய வழிகள். நோவடக்கும் அழற்சிக் குளிகைகள் உதவுமெனினும், சிறுநீரகமோ இரைப்பையோ நலிந்த முதியோர்க்கு அவை தீங்கு செய்யும்.

கொல்சிசீன் என்னும் மருந்தும் சிறிய அளவிற் கொடுக்கப்படுகின்றது. நம் வேலிகளிற் படரும் கார்த்திகைப்பூச் செடியின் கிழங்கிலும் உள்ள பொருள் அதுவே. அதுகொண்டு கிழங்கை மருந்தெனக் கருதி உண்ணத் துணிதல் உயிருக்கே இறுதியாகும். அதில் நஞ்சின் அளவை எவரும் கண்ணால் மதிப்பிடல் இயலாது.

நோவு பெரும்பாலும் சில நாளிலோ சில வாரங்களிலோ தணியும். தணியத் தொடங்கியதும் சிம்பை அவிழ்த்து, விரல்களை மடக்கி விரித்து, மணிக்கட்டை மெல்ல மெல்ல அசைத்தல் வேண்டும். நெடுநாட் கட்டிவைத்த மூட்டு விறைத்துப்போகும்.