கையால் செய்யும் ஹலோவீன் சோடனைகள்: பழைய பத்திரிகையும் கோதுமை மாவும் போதும்

ஒக்டோபர் மாதத்தின் நடுப்பகுதி வந்துவிட்டால் கனடாவின் குடியிருப்புத் தெருக்கள் செம்மஞ்சளும் கறுப்புமாக மாறத் தொடங்கிவிடுகின்றன. படிக்கட்டுகளில் பூசணிக்காய்கள், யன்னல்களில் வௌவால்கள், புற்றரைகளில் எலும்புக்கூடுகளும் போலிக் கல்லறைக் கற்களும் தோன்றுகின்றன. பாடசாலை விட்டு வரும் எமது பிள்ளைகள் அயல்வீடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வருகின்றனர். தமது வாசலை அடைந்ததும், எங்கள் வீட்டுக்கு மட்டும் ஏன் ஒன்றும் இல்லை என்று கேட்கின்றனர். கடைக்குச் சென்று பார்த்தாலோ, காற்றடித்து நிறுத்தும் ஓர் உருவத்தின் விலை ஒரு குடும்பத்தின் ஒரு கிழமைச் சாப்பாட்டுக் காசுக்கு நிகராக நிற்கின்றது. வீட்டு வாடகை, பயணத்துக்கு வாங்கிய கடன், ஊருக்கு அனுப்பவேண்டிய பணம் ஆகியவை வரிசையில் முன்னே நிற்கும் வீடுகளில் ஓர் இரவுக்காக இவ்வளவு செலவிடுவது நியாயமாகாது.

அவ்வாறு செலவிட வேண்டிய தேவையும் இல்லை. கலியாண வீட்டுப் பந்தலையும் கோயில் சப்பறத்தையும் கடதாசியாலும் ஓலையாலும் சோடித்துப் பழகிய கைகள் எம்முடையவை. ஒரு பூசணிக்காய், கறுப்புக் கடதாசிக் கட்டு ஒன்று, பற்றரியில் எரியும் சிறு விளக்குகள் சில என்பவற்றை மட்டுமே விலைக்கு வாங்கவேண்டும். டொலர் கடைகளில் இன்று எல்லாம் ஒரு டொலருக்குக் கிடைப்பதில்லை என்றாலும், பத்துப் பன்னிரண்டு டொலருக்குள் இவற்றை அடக்கிவிடலாம். மிகுதி யாவும் குப்பைக்குப் போகவிருந்தவை.

இது யாருடைய பண்டிகை என்ற கேள்வி மூத்தோரிடையே எழுவதுண்டு. நவம்பர் 1ஆம் திகதி கத்தோலிக்கர் கொண்டாடும் சகல புனிதர் திருநாளுக்கு முதல் நாள் இரவே ஹலோவீன். மறுநாள், நவம்பர் 2ஆம் திகதி, மரித்த ஆன்மாக்களின் நினைவு நாள். அன்று சேமக்காலைக்குச் சென்று கல்லறையில் மெழுகுதிரி ஏற்றிய நினைவு எமது கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இருக்கும். இக்காலத்துக்குரிய பழைய வழக்கங்கள் அயர்லாந்து, ஸ்கொட்லாந்து மக்களுடையவை. அவர்கள் ரேர்னிப் என்னும் கிழங்கைக் குடைந்து அதனுள் விளக்கு வைத்தனர். வட அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தபோது, குடைவதற்கு இலகுவான பெரிய பூசணிக்காய் அவர்களுக்குக் கிடைத்தது. இங்கே ஒரு செய்தியையும் சொல்லவேண்டும். உருளைக்கிழங்குப் பஞ்சத்தினால் அயர்லாந்தில் மக்கள் மாண்டுகொண்டிருந்த 1847ஆம் ஆண்டில் மட்டும் 38,000க்கு மேற்பட்ட அயர்லாந்து அகதிகள் கப்பல்களில் ரொறன்ரோவை வந்தடைந்தனர். அப்போது இந்நகரின் சனத்தொகை ஏறத்தாழ 20,000 மட்டுமே. வந்தவர்களுள் 1,100க்கு மேற்பட்டோர் காய்ச்சலினால் அவ்வாண்டிலேயே இங்கு இறந்தனர். ஏரிக்கரையில் 2007இல் அவர்களுக்காக ஒரு நினைவுப் பூங்காவும் திறக்கப்பட்டது. எமக்கு முன்னர் அகதிகளாக இந்நகரில் இறங்கியவர்களின் நாட்டு வழக்கமே இன்று தெருவெங்கும் காணப்படுகின்றது.

மாப்பசையும் பழைய பத்திரிகையும்

முதலில் பசை. அரைக் கோப்பை கோதுமை மாவை அரைக் கோப்பை குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்துக் கொள்ளவேண்டும். இரண்டு கோப்பை நீரைக் கொதிக்கவைத்து, கரைத்த மாவை அதனுள் ஊற்றி, கூழ்ப்பதம் வரும்வரை துழாவி இறக்கினால் போதும். ஊரில் சுவரொட்டி ஒட்டியவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் சில நாட்களுக்குக் கெடாது.

இப்பசையைக் கொண்டு, விலைக்கு வாங்காமலே பூசணிக்காய் செய்யலாம். ஒரு பலூனை ஊதிக் கட்டி, பழைய பத்திரிகையை இரண்டு விரல் அகலமான கீலங்களாகக் கிழித்து, பசையில் தோய்த்து, பலூன்மேல் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டவேண்டும். ஓர் அடுக்கு நன்றாகக் காய்ந்த பின்னரே அடுத்த அடுக்கு. மூன்று அடுக்குகளாவது வேண்டும். அவசரப்பட்டால் உட்புறம் பூஞ்சணம் பிடித்துவிடும். மூன்று நாட்கள் ஒதுக்கிவிடுவது நல்லது. முற்றாகக் காய்ந்ததும் பலூனைக் குத்தி வெளியே எடுத்துவிட்டு, கண், மூக்கு, வாய் வெட்டி, சிவப்பும் மஞ்சளும் கலந்த நிறத்தைப் பூசலாம். உள்ளே பற்றரி விளக்கு மட்டுமே வைக்கவேண்டும். இப்பத்திரிகையின் பழைய இதழ்கள் இவ்வேலைக்குப் பயன்படுவதில் எமக்கு எவ்வித மனக்குறையும் இல்லை. ஆனால் வாசித்து முடித்த பின்னர்!

இதைவிட இலகுவானது போத்தல் விளக்கு. ஜாம் போத்தல் ஒன்றின் வெளிப்புறத்தில் பசை பூசி, செம்மஞ்சள் ரிசுக் கடதாசியைத் துண்டு துண்டாகக் கிழித்து ஒட்டி, மேலே இன்னொரு முறை பசை பூசிக் காயவிடவேண்டும். கறுப்புக் கடதாசியில் கண்ணும் வாயும் வெட்டி ஒட்டி, உள்ளே சிறு விளக்கை வைத்தால் முகம் ஒளிரும். நத்தாருக்கு வெளிச்சக்கூடு கட்டியவர்களும், கொழும்பில் வாழ்ந்த காலத்தில் அயலவரோடு சேர்ந்து வெசாக் கூடு ஒட்டியவர்களும் இதில் பிள்ளைகளுக்கு ஆசிரியர்களாகலாம். நான்கு வயதுப் பிள்ளையும் கடதாசி கிழித்து ஒட்டும், கத்தரிக்கோல் தேவையில்லை.

வௌவால்களுக்குக் கடதாசியை இரண்டாக மடித்து, மடிப்பை நடுவாக வைத்துப் பாதி உருவத்தை வரைந்து வெட்டவேண்டும். விரித்தால் இரு சிறகும் ஒத்திருக்கும். காலை உணவான சீரியல் வரும் மட்டைப் பெட்டியில் ஒரு மாதிரியை வெட்டி வைத்துக்கொண்டால், பிள்ளைகள் அதனை வைத்து வரைந்து பத்து இருபது என்று வெட்டிக் குவிப்பார்கள். சிறகுகளைச் சற்று மேல்நோக்கி வளைத்து ஒட்டினால் சுவரிலிருந்து எழும்பிப் பறப்பது போலத் தோன்றும். சிலந்தி வலைக்கு வெள்ளைக் கம்பளி நூல் சிறிது போதும். கடைகளில் விற்கப்படும் பஞ்சு போன்ற வலையை வெளியே செடிகளின்மேல் விரிப்பதை நாம் விரும்பவில்லை. சிறு பறவைகள் அதில் கால் சிக்கித் தவிப்பதுண்டு.

எதை வைப்பது, எதை விடுவது

சோடனைப் பொருட்களைப் பற்றி எழுதும்போது எம்மவர் வீடுகளுக்கே உரிய சில விடயங்களைத் தவிர்த்துச் செல்ல முடியாது.

ஆங்கிலச் சஞ்சிகைகள் அனைத்தும் முதலில் சொல்வது, பழைய வெள்ளைப் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டுப் பேய் செய்யும் முறையைத்தான். செலவற்றது என்பது உண்மை. ஆனால் எமது ஊரில் வாசலில் வெள்ளைத் துணி தொங்கினால் அது செத்த வீடு. மங்கலத்துக்கும் அமங்கலத்துக்கும் தோரணத்தையே வேறுபடுத்திக் கட்டிய மக்கள் நாம். வீட்டில் அம்மம்மாவோ அப்பப்பாவோ இருந்தால், காலையில் கதவைத் திறந்ததும் அவர்கள் காண்பது இதுவாக இருக்கக் கூடாது. பேய் வேண்டும் என்று பிள்ளை அடம்பிடித்தால், கைலேஞ்சி அளவு துணியில் சிறிய பேய்கள் சிலவற்றைச் செய்து பின்பக்க மரத்திலோ செடியிலோ கட்டிவிடலாம். துணியின் நடுவே கடதாசி உருண்டையை வைத்து, கழுத்தில் நூலால் கட்டி, மார்க்கர் பேனாவால் இரண்டு கண் வைத்தால் பேய் தயார். அது பயமுறுத்துவதைவிடச் சிரிப்பையே மூட்டும்.

கல்லறைக் கற்களும், மண்ணுக்குள்ளிருந்து நீளும் பிளாஸ்ரிக் கைகளும், இரத்தம் வடியும் துணிகளும் வேறு விடயம். பிணங்களைக் கடந்து நடந்து வந்தவர்கள் எம்மிடையே வாழ்கின்றனர். பதுங்குகுழி மண் மூடியதைக் கண்டவர்கள், 2009இல் முள்ளிவாய்க்காலில் உறவினரை அடக்கம் செய்யவும் முடியாமல் விட்டு வந்தவர்கள் இருக்கின்றனர். அயலவர் புற்றரையில் வைப்பதை நாம் தடுக்க இயலாது. அவர்கள் எம்மை நோகடிக்க எண்ணி வைப்பதும் இல்லை. ஆனால் எமது வாசலில் எதை வைப்பது என்பது எமது தீர்மானம். கையால் செய்யும் சோடனையில் எமக்குத் தெரியும் பெரிய நன்மை, காசு மிச்சமாவதைவிட இதுவே. பூசணிக்காய், பூனை, ஆந்தை, வௌவால், நிலவு, உதிர்ந்த இலை ஆகியவற்றைக் கொண்டே நிறைவான சோடனை செய்யலாம். ஏன் எலும்புக்கூடு இல்லை என்று பிள்ளை கேட்டால், அம்மம்மாவுக்கு அது மனவருத்தம் தரும் என்று உள்ளதைச் சொல்லிவிடலாம். பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட விரைவில் புரிந்துகொள்கின்றனர்.

இப்பண்டிகையே வேண்டாம் என்று தமது சமய நம்பிக்கையின்படி ஒதுங்கும் குடும்பங்களும் உண்டு. அன்று மாலை வாசல் விளக்கை அணைத்துவிட்டால் பிள்ளைகள் கதவைத் தட்டாமல் கடந்துவிடுவர். விளக்கு எரிந்தால் வரலாம் என்பதும், அணைந்திருந்தால் வரவேண்டாம் என்பதும் இங்கு எல்லோரும் அறிந்த வழக்கம்.

வெருளி

மூத்தோரும் மகிழ்ந்து செய்யக்கூடிய சோடனை ஒன்று உண்டு. கத்தரித் தோட்டத்துக்குக் காவலாகவும், கட்டி முடியாத வீட்டுக்குக் கண்ணூறு படாதிருக்கவும் ஊரில் நிறுத்தப்பட்ட அதே வெருளியை இங்கும் வாசலில் வைக்கின்றனர். பழைய காற்சட்டையின் கால் நுனிகளையும் சேட்டின் கை நுனிகளையும் நூலால் கட்டி, உதிர்ந்த இலைகளை உள்ளே அடைக்கவேண்டும். இலை ஈரமாக இருந்தால் கசக்கிய கடதாசி நல்லது. தலைக்குப் பழைய தலையணை உறை. பாவிக்காத கதிரை ஒன்றில் இருத்தி, மடியில் ஒரு பூசணிக்காயை வைத்துவிட்டால் தெருவில் போவோர் நின்று பார்ப்பர். ரொறன்ரோவில் தோட்டக் குப்பைக்குப் பிளாஸ்ரிக் பைகள் ஏற்றுக்கொள்ளப்படுவதில்லை. இலைகளைப் பெரிய கடதாசிப் பைகளில் இட்டு வைக்கலாம். அப்பைகளில், இலையை நிரப்பிய பின் கறுப்புக் கடதாசியில் முகம் வெட்டி ஒட்டிவிட்டால், குப்பை எடுக்கும் நாள்வரை அவையும் சோடனைதான்.

தொடர்மாடிகளில் வாழ்வோர்

ஸ்காபரோவிலும் பிற இடங்களிலும் எமது குடும்பங்கள் பல தொடர்மாடிக் கட்டடங்களில் வாழ்கின்றன. பொது நடைபாதையில் பொருட்களை வைப்பதும், கதவு முழுவதையும் கடதாசியால் மூடுவதும் தீப் பாதுகாப்புக்கு ஆகாதவை. கட்டடப் பராமரிப்பாளரைக் கேட்காமல் எதையும் ஒட்டவேண்டாம். கதவில் ஒரு சிறு கடதாசிப் பூசணிக்காய் மட்டும் போதும். இனிப்பு வழங்கும் வீடு என்பதை அது காட்டிவிடும். மிகுதிச் சோடனை யன்னலுக்கு உரியது. சீரியல் பெட்டியின் மட்டையில் பூனையையோ இலையில்லாத மரத்தையோ பெரிதாக வெட்டிக் கறுப்பு நிறம் பூசி, கண்ணாடியின் உட்புறம் நிறுத்தி, அறை விளக்கைப் போட்டுவிட்டால் பத்தாம் மாடியும் தெருவிலிருந்து தெரியும். குளிரில் கண்ணாடி வியர்ப்பதால் ஒட்டுநாடா கழன்றுவிடும். எனவே யன்னற் சட்டத்தில் ஒட்டவேண்டும்.

பூசணிக்காய்

உண்மையான பூசணிக்காயை 29ஆம், 30ஆம் திகதிக்கு முன்னர் வெட்டவேண்டாம். வெட்டியது சில நாட்களில் சுருங்கி அழுகத் தொடங்கும். மூடியை நேராக வெட்டாமல் கத்தியை உள்நோக்கிச் சரித்து வெட்டினால் அது உள்ளே விழாமல் இருக்கும். பெரிய கரண்டியால் விதையையும் நாரையும் வழித்தெடுத்து, முகம் வரும் பக்கத்தை ஓர் அங்குலத் தடிப்புக்குச் சுரண்டவேண்டும். பிள்ளை வரையட்டும், பெரியவர் வெட்டட்டும். மெழுகுதிரியை நாம் பரிந்துரைக்கவில்லை. நீண்ட வேட உடைகளுடன் பிள்ளைகள் குனிந்து நிற்கும் படிக்கட்டில் திறந்த நெருப்பு எதற்கு? பற்றரி விளக்கு அடுத்த வருடத்துக்கும் உதவும்.

வெட்டாமலே மார்க்கர் பேனாவால் முகம் வரைவது எமது இல்லத்தரசிகளுக்குப் பெரிதும் உகந்த முறை. அவ்வாறு விட்ட காய் பல வாரங்களுக்குக் கெடாது. பின்னர் தோலைச் சீவிக் கறிக்கும் எடுக்கலாம். உறைபனியில் மட்டும் வெளியே விடக்கூடாது. செதுக்குவதற்கென்று விற்கும் பெரிய காய் நீர்த்தன்மையானது, இனிப்புக் குறைந்தது. கறிக்கு எண்ணுபவர்கள் சிறிய காயை வாங்குவது நல்லது. தேங்காய்ப்பாலும் கடுகும் சேர்த்தால் ஊர்ச் சுவைக்கு அருகில் வரும். செதுக்கி, இரண்டு மூன்று நாட்கள் வெளியே இருந்த காயை உண்ணக்கூடாது. அதை நகரசபையின் பச்சைத் தொட்டியில் இடலாம். நவம்பர் 1ஆம் திகதி மாலை சில பூங்காக்களில் அயலவர்கள் தமது பூசணிக்காய்களைக் கொண்டுவந்து வரிசையாக வைத்து மீண்டும் ஒருமுறை விளக்கேற்றுவர். பிள்ளைகளைக் கூட்டிச் செல்ல ஏற்ற, செலவற்ற காட்சி அது.

வழித்தெடுத்த விதைகளை மட்டும் வீசவேண்டாம். நாரைக் கழுவி நீக்கி, துணியில் ஒற்றி, சிறிது எண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள் சேர்த்துத் தட்டில் பரப்பி, 300 பாகை பரனைற் வெப்பத்தில் அரை மணி நேரமளவில் வறுத்தால் மொறுமொறுப்பாக வரும். இடையில் இரண்டு முறை கிளறிவிடவேண்டும். இல்லையேல் ஓரத்திலுள்ளவை கருகிவிடும்.