புறக்கடைக் கோழியும் எருக்குழியும்

வீட்டின் பின்புறத்தில் நாலைந்து நாட்டுக்கோழிகளை மேயவிட்டு வளர்க்கும் முறையைக் கால்நடைத் துறையினர் புறக்கடைக் கோழி வளர்ப்பு என்பர். தென்காசி மாவட்டம் சிவகிரி வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்த ராயகிரி போன்ற ஊர்களுக்குப் பொருத்தமான இம்முறை, எருக்குழியோடு இணையும்போதுதான் முழுப் பயன் தருகிறது. இரண்டையும் தனித்தனி வேலைகளாகப் பிரித்துவிட்டால், கூட்டில் நெடியும் குழியில் ஈயும் மிஞ்சும். ஒன்றன் கழிவு மற்றொன்றின் தேவையை நிறைவு செய்யும் என்பது மறந்துபோகும்.

கோழி சிறுநீரைத் தனியே கழிப்பதில்லை. எச்சத்தின் மேல் வெண்மையாகப் படிந்திருப்பதே அதன் சிறுநீர், அதாவது தழைச்சத்து (நைட்ரஜன்) செறிந்த யூரிக் அமிலம். இதனால்தான் தொழுவுரத்தில் அரை விழுக்காடளவே உள்ள தழைச்சத்து, கோழி எருவில் ஏறத்தாழ 3 விழுக்காடு இருக்கிறது. ஆயினும் நுண்ணுயிர்கள் யூரிக் அமிலத்தைச் சிதைக்கச் சிதைக்க அது அம்மோனியா வாயுவாகிப் பறந்துவிடுவதால், வெட்டவெளியில் கிடக்கும் கோழி எரு 30 நாட்களுக்குள் தழைச்சத்தில் பாதியை இழந்துவிடக்கூடும். கூட்டருகே மூக்கை எரிக்கும் நெடி, செடிக்குச் சேர வேண்டிய உரம் வீணாகும் நெடியே ஆகும். பச்சை எருவை அப்படியே கத்தரி, மிளகாய்ச் செடிகளின் தூரில் கொட்டினால் வேர் கருகுவதற்கும் இந்த அம்மோனியா முக்கியக் காரணம்.

இந்த இழப்பைத் தடுப்பது கரிமம் மிகுந்த காய்ந்த பொருள். ஒரு பங்கு தழைச்சத்துக்கு ஏறக்குறைய 30 பங்கு கரிமம் இருக்கும்போது நுண்ணுயிர்கள் செழித்துப் பெருகுகின்றன. கோழி எருவில் இது 10 பங்கை ஒட்டியே இருக்க, தென்னை நார்க்கழிவில் 100 பங்கையும் தாண்டுகிறது. இரண்டும் சேர்ந்தால் கணக்கு நேராகிறது. எனவே இரவில் கோழி அடையும் கூட்டின் தரையில் நார்க்கழிவையோ நெல் உமியையோ பரப்பி, எச்சம் படியப் படிய மேலும் தூவி வரும் ஆழ்கூள முறையைக் கையாண்டு, அந்தக் கூளத்தை அள்ளிக் காய்கறிக் கழிவு, சருகு ஆகியவற்றுடன் அடுக்குவதே எளிய வழி. வேளாண் அறிவியலாளர் ஆல்பர்ட் ஹோவர்டு 1924 முதல் 1931 வரை இந்தூரில் வகுத்த மக்குரமாக்கும் முறையும், செடிக்கழிவையும் கால்நடைக் கழிவையும் அடுக்கடுக்காக இடுவதையே அடிப்படையாகக் கொண்டிருந்தது.

நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் 3 அடிக்குக் குறையாத குவியலில் வெப்பம் 55 முதல் 65 பாகை செல்சியஸ் வரை ஏறி, களை விதைகளையும் குடல்நோய்க் கிருமிகளையும் பெரும்பாலும் அழிக்கிறது. குவியலின் நடுவே செருகிய இரும்புக் கம்பியைச் சிறிது நேரம் கழித்து உருவும்போது கையில் பிடிக்க முடியாதபடி சுட்டால், வேலை நடக்கிறது என்று கொள்ளலாம். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளி நீர் மட்டுமே கசிய வேண்டும். மலைக்கணவாய் வழியே ஆனி, ஆடியில் வீசும் காற்று குவியலை உலர்த்திவிடுவதால் அப்போது நீர் தெளிப்பதும், ஐப்பசி, கார்த்திகை மழையில் கீற்று வேய்ந்து மூடுவதும் இப்பகுதிக்குத் தேவையானவை. சூடு தணிந்தபின் கோழிகளை உள்ளே விட்டால், புழுபூச்சிக்காக அவை கிளறுவதே குவியலைப் புரட்டிக் காற்றோட்டம் தந்துவிடும். அதன்பின் கோழி ஏறாமல் மூடி முதிரவிட்ட உரத்தையே கீரைப் பாத்திக்கு இட வேண்டும்.

குஞ்சுகளுக்குப் புரதம் தரும் பழைய வழியொன்றும் இங்கே நினைக்கத்தக்கது. மண்பானையில் கிழிந்த கோணிச்சாக்கு, காய்ந்த சாணம், பனையோலை ஆகியவற்றை அடைத்து, நீர் தெளித்து, வீட்டுச் சுவருக்கு எட்டத்தில் மாலையில் தரையில் கவிழ்த்து வைத்தால், விடிவதற்குள் கறையான் மொய்த்துவிடும். வெயில் ஏறுமுன் அதைக் குஞ்சுகளின் முன் உதறிவிடுவர். காசு செலவில்லாத இந்தத் தீவனத்தைக் கடையில் வாங்கும் தீவனத்துக்காக முற்றிலும் கைவிட்டது இழப்பே.

கோழிக்குக் கொடுக்கக்கூடாதவையும் உண்டு. பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு உருவாகிறது. 1960இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் வான்கோழிகள் மடிந்ததற்கு இந்நஞ்சு கலந்த கடலைத் தீவனமே காரணமென்று பின்னர் தெரிந்தது.

இவை அனைத்தையும் ஒரே வாரத்தில் பாழாக்கக்கூடியது வெள்ளைக்கழிச்சல் என்னும் ராணிக்கெட் நோய். இந்நச்சுயிரித் தொற்று வந்தபின் குணப்படுத்தும் மருந்து கிடையாது. குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ விடும் சொட்டு மருந்தும், எட்டாவது வாரத்தில் இறக்கையின் தோலுக்கடியில் போடும் தடுப்பூசியுமே காப்பு. நோயில் இறந்த கோழியை எருக்குழியில் போடாமல் சுண்ணாம்பிட்டு ஆழப் புதைக்க வேண்டும். குஞ்சுகளை வாங்க எண்ணுவோர், அதற்கு முன்பே அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி போடும் நாளைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.